காலியாக ஒன்று இருக்கட்டும்

“இத அப்புறமா போட்டுக்கலாமாப்பா?” என்று தமிழில் கேட்டாயிற்று. போடலாம் என்றார் லேப்டாப் கடைக்காரர் மன்சூர். எல்லப்பன் பக்கத்தில் தொங்கிய ஹெட்போனைத் தொட்டுப் பார்த்தார். கேள்வி மறந்துபோனவர் போல இரண்டு எட்டு நடந்தார். திரும்பி வந்து அதையே தெலுங்கில் கேட்டார். போடலாம். ஒரு செருமலுக்குப் பிறகு கன்னடத்தில், “ஆமேலெ ஹாக்போதா?” அதற்கும் அதே பதில்தான். அவர் முகம் தெளிந்தது.

உண்மை மூன்று பாஷையிலும் ஒரே மாதிரி வரும், பொய் இரண்டாவதிலேயே தடுமாறும் என்பது அவர் நம்பிக்கை. ஓசூரில் தக்காளியிலிருந்து தையல் மெஷின் வரை அவர் இப்படி விசாரித்துத்தான் வாங்கியிருக்கிறார். மார்க்கெட்டில் ஒரு தக்காளிக்கார அம்மா, அவர் வாயைத் திறக்குமுன்பே மூன்றிலும் விலையைச் சொல்லி முடித்துவிடுவாள்.

லேப்டாப் அவர் மகள் மேகலாவுக்கு. அந்த வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். இயந்திரப் பாகங்களை வரைந்து கொடுக்கும் ஒரு சின்ன ஆபீசில் திங்கட்கிழமை சேர்கிறாள். லேப்டாப்பை அவளே கொண்டு வர வேண்டும், ஒரு மாதம் வேலையைப் பார்த்த பிறகுதான் நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். மெமரி பதினாறு ஜிபி இருந்தால் நல்லது என்றும் சொல்லியிருந்தார்கள். பிடித்துப்போன லேப்டாப்பில் இருந்தது எட்டு. உள்ளே ஒரு ஸ்லாட் காலியாக இருக்கிறது, இன்னொரு எட்டை இப்போதே போட்டுத் தருகிறேன், ஐந்து நிமிஷ வேலை என்றார் மன்சூர்.

மேகலா சரி என்று தலையாட்டுவதற்குள் எல்லப்பன் குறுக்கே வந்தார்.

“இப்பவே போட்டுட்டா எடம் ரொம்பிடுமே. நாளைக்கு வேணும்னா எங்க போயி ஏத்தறது?”

மன்சூர் கையிலெடுத்த ஸ்க்ரூ டிரைவரைத் திரும்ப மேஜைமேல் வைத்தார்.

இதைக் கஞ்சத்தனம் என்று சொல்ல முடியாது. எல்லப்பன் பதினாறுக்கே பணம் கொண்டு வந்திருந்தார். அவரால் தாங்க முடியாதது ஒன்றுதான்: முழுதாக நிரம்பிப்போன பொருள். உதிரிபாகக் கம்பெனிக்கு அவர் கொண்டு போகும் டிபன் கேரியரில் மூன்று அடுக்கு; மேலடுக்கு எப்போதும் காலி. யாராவது ஏதாவது கொடுத்தால் எதில் வாங்குவது என்பார். இதுவரை யாரும் எதுவும் கொடுத்ததில்லை. மனைவி நாகம்மாள் ஒருநாள் அதில் புளிச்சோறு வைத்து அனுப்பியதற்கு, கூட வேலை செய்பவர்களுக்கு அதைப் பங்கு போட்டுக் கொடுத்து, அடுக்கைக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் சாப்பிட உட்கார்ந்தார். அவருடைய பேன்ட் காலில் இரண்டு விரல் அகலத்துக்குத் துணி மடித்துத் தைத்திருக்கும். ஐம்பது வயதுக்கு மேல் ஆள் வளர்வதில்லை என்று டெய்லர் சொல்லிப் பார்த்துவிட்டார்.

வீட்டு மொட்டைமாடியில், மேல்மாடிக்காக விட்ட கம்பிகள் மூலைக்கு நான்காக நிற்கின்றன. துரு ஏறாமலிருக்க ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு தண்ணீர் பாட்டில் கவிழ்த்திருக்கிறது. மேல்மாடி வரவில்லை. பாட்டில்கள் மட்டும் வெயிலில் உடைய உடைய மாறிக்கொண்டிருக்கின்றன. கம்பெனி பஸ்ஸில் யாராவது வீடு எத்தனை மாடி என்று கேட்டால், “இப்போதிக்கு ஒண்ணு” என்பார். அந்த ‘இப்போதிக்கு’வைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு மாடி உயரம் ஏறும்.

கண்ணாடி அலமாரி ஓரம் நின்ற மேகலாவுக்குத் தன்மீதே சந்தேகம் வந்தது. எட்டிலேயே சமாளிப்பவர்கள் இல்லாமலா இருப்பார்கள்? பதினாறு என்பது தேவையா, தன்னுடைய பயமா? அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை. தெரிந்தது ஒன்றுதான். தோழி பிரியாவின் எட்டு ஜிபி லேப்டாப்பில் ஒரு கியர் பாக்ஸ் படத்தைத் திறந்து பாதி திருப்பியபோது, நீல வட்டம் சுற்ற ஆரம்பித்தது. இருவரும் டீ குடித்துவிட்டு வந்தார்கள். வட்டம் அப்போதும் சுற்றிக்கொண்டிருந்தது. பிரியா சிரித்தாள். திங்கட்கிழமை ஆபீசில் பக்கத்தில் நிற்கப்போகிறவர் சிரிப்பாரா?

“ஆபீஸ்ல நின்னு போச்சுன்னா என்னப்பா சொல்றது? அப்புறமா ஏத்திக்கலாம்னு எங்கப்பா சொன்னாருன்னா?”

“கொஞ்ச நாளு ஓட்டிப் பாரு கண்ணு. எடம் எங்கயும் போயிடாது. அது பாட்டுக்கு இருக்கட்டும்.”

மேகலா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “மேல் ரூமு எனக்குன்னு சொன்ன. நான் ஏழாவது படிக்கறப்ப சொன்ன. டிகிரியே முடிச்சிட்டேன்ப்பா.”

எல்லப்பன் இதை வேறு பாஷையில் கேட்டுப் பார்க்கவில்லை. தெருவில் ஒரு கம்பெனி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது போய் மறையும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மன்சூர் பக்கம் திரும்பினார்.

“போட்டுருப்பா.”

மன்சூர் லேப்டாப்பைக் கவிழ்த்துத் திருகாணிகளைக் கழற்றினார். விரல் நீளப் பச்சைப் பட்டை ஒன்றைக் காலி ஸ்லாட்டில் சாய்த்து அழுத்தினார். டிக் என்று உட்கார்ந்தது. மேகலாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. மூடியை எடுத்துப் பொருத்தப் போன மன்சூரின் கையை எல்லப்பன் மெல்லப் பிடித்து நிறுத்தினார். சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்து டார்ச்சைப் போட்டார். மூக்கு முட்டுமளவுக்குக் குனிந்து, பேட்டரி ஓரம், விசிறி ஓரம் என்று வெளிச்சத்தை நகர்த்தி, இன்னும் எங்காவது இடம் இருக்கிறதா என்று தேடத் தொடங்கினார்.