அண்ணன் ஏற வேண்டிய கயிற்றேணி

தொங்கான் என்ற பாரப்படகின் சரக்கறைக்குள் விழுந்து அண்ணனின் இடது கை முறிந்தபோது, நான் ஆஸ்பத்திரியில் தாதிப் பயிற்சியின் கடைசி ஆண்டில் இருந்தேன். எலும்பு கூடிவிட்டது. ஆனால் கட்டைப் பிரித்தபோது வேறு யாருடையதோ போல ஒரு மெலிந்த கை வெளியே வந்தது. அண்ணன் துறைமுகத்தில் சரக்கு எண்ணும் கிராணி. கடலில் நிற்கும் கப்பலுக்குப் படகில் போய், கயிற்றேணியைப் பிடித்துத்தான் மேலே ஏற வேண்டும். மழைக்காலம் முடிவதற்குள் ஏறிக் காட்டாவிட்டால் வேறு ஆளை வைத்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்கள்.

எதையும் வரிசைப்படுத்திக்கொண்டால்தான் எனக்கு மனம் அடங்கும். அண்ணனின் கைக்குப் பயிற்சி கொடுக்கத் தேவையானவற்றை எழுதினேன். நிபோங் மரத்தூண் இரண்டு, பழைய தண்ணீர்க் குழாய் ஒரு துண்டு, பிரம்பு, சைக்கிள் டியூப், கடைசியாக, கூடத்து உத்தரத்தில் கட்ட ஒரு கயிற்றேணி. அந்தக் கடைசிப் பொருளை அம்மா நீக்கினார்.

"தூளி கட்டப் பிள்ளை இருக்கா இந்த வீட்டுல? வெறுங்கயிறு உத்தரத்துல தொங்கக் கூடாது."

மற்றவை போதும் என்று முடிவு செய்தேன். டத்தோ கிராமாட்டில் இருந்த எங்கள் வீட்டின் பின்புறம் தூண்களை நட்டு, மேலே குழாயைக் குறுக்காக வைத்து, ஊறிய பிரம்பை ஈரத்தோடு சுற்றிக் கட்டினேன். காய்ந்ததும் அது இரும்புப் பிடியாக இறுகியது. டியூபைக் குழாயிலிருந்து வளையமாகத் தொங்கவிட்டு, அண்ணனை முழங்கால்களை அதில் ஊன்றி, குழாயைப் பிடித்து எழும்பச் சொன்னேன். உடல் எடையில் ஒரு பங்கை ரப்பர் தாங்கும். மீதியைக் கைகள் தூக்கினால் போதும்.

"மூச்சை அடக்காதீங்கண்ணே. மெதுவா இறங்குங்க."

"நீ நர்ஸா, போலீஸ் சார்ஜனா?"

தொங்கான் ஓட்டும் பக்கத்து வீட்டுத் தண்டல் வேலிக்கு மேல் எட்டிப் பார்ப்பார். அண்ணன் விழுந்தது அவருடைய தொங்கானில்தான்.

"கிராணியாரே, பாசார்ல கோழி தொங்குற மாதிரியே இருக்கு லா!"

"நிறுத்துப் பார்த்து வாங்கிக்கிட்டுப் போங்க மாமா!"

கை தேறத் தேற மெல்லிய டியூபாக மாற்றினேன். பிறகு டியூபே தேவைப்படவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, தண்டல் தன் தொங்கானின் பாய்மரத்தில் ஒரு கயிற்றேணியைக் கட்டி அண்ணனை ஏறச் சொன்னார். நானும் போயிருந்தேன். அண்ணன் படியில் கால் வைத்ததும் ஏணி முன்னால் ஓடியது. உடல் பின்னால் சரிந்தது. முழு எடையும் ஒரே இழுப்பில் இடது கையில் விழுந்தது. மூன்றாவது படியிலிருந்து இறங்கிவிட்டார். தண்டல் கேலி பேசவில்லை.

குழாய் அசையாது, ஏணி அசையும். அசையும் ஒன்றில் பழகாத கைக்கு எவ்வளவு பலம் இருந்தும் பயனில்லை. வீட்டில் ஏணி கட்டும் உயரத்துக்கு இருந்தது கூடத்து உத்தரம் ஒன்றுதான். பார்த்ததை அம்மாவிடம் அப்படியே சொன்னேன்.

"ஏணி கட்டினா அவன் விழமாட்டானா?"

"சொல்ல முடியாதும்மா. கட்டலைன்னா விழுவார்."

அம்மா உத்தரத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "முடிஞ்சதும் அவிழ்த்துடு," என்று சொல்லி அடுப்படிக்குப் போனார். அதன் பிறகு அண்ணன் ஏறி இறங்கிய ஒவ்வொரு மாலையும் அங்கிருந்து செபமாலை சொல்லும் குரல் கேட்டது. ஏணி கிறீச்சிட்டால் குரல் சற்று உயரும்.

கப்பலில் ஏறிக் காட்ட வேண்டிய நாளில் எனக்கு வார்டில் வேலை. மாலையில் வந்தபோது அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மா அவர் தட்டில் மீன் துண்டுகளை வைத்துக்கொண்டே இருந்தார்.

"ஏறிட்டான்," என்றார் என்னிடம். முகமெல்லாம் ஈரம்.

அம்மா ரசம் எடுக்க உள்ளே போனதும் அண்ணன் குரலைத் தாழ்த்தினார். "பாதியில இடது கை விட்டுப்போச்சு. முழங்கையைக் கயித்துல மாட்டிக்கிட்டு நின்னேன். கீழே பார்க்கிற மாதிரி பாவனை. மேலே இருந்தவங்களுக்குத் தெரியல."

"வேலை?"

"நாளைக்கு ரெண்டு கப்பல்."

தண்ணீர்க் குவளையை இடது கையால் எடுத்தார். தண்ணீர் ஆடியது. அம்மாவின் காலடி கேட்டதும் குவளையை வலது கைக்கு மாற்றிக்கொண்டார்.