கயிறு இழுத்தவரின் மகன்

மொன்ட்ரியாலின் லாசால் பகுதியில் நான் வேலை செய்த யன்னல் தொழிற்சாலையில் எங்கள் மேற்பார்வையாளர் கயிற்றைத் தொடவே மாட்டார். கண்ணாடிகளை லொறியில் ஏற்றிக் கட்டும் நேரம் வந்தால், கயிற்றை எனக்குக் காட்டிவிட்டு அப்பால் போய் நிற்பார். ரஷ்யாவிலிருந்து வந்தவர், ஓய்வுபெறும் வயதைத் தாண்டியும் வேலைக்கு வந்துகொண்டிருந்தார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அகதியாக வந்திறங்கிய எனக்கும் அவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறைப் பிரெஞ்சு மட்டுமே.

ஒரு பனிக்கால மதிய இடைவேளையில் காரணத்தைச் சொன்னார். அவருடைய சிற்றூரில் ஓர் ஓர்த்தடொக்ஸ் தேவாலயம் இருந்தது. அவருக்கு ஏழு வயதானபோது அதை இடிக்க, மதத்தை ஒழிக்க நினைத்த சோவியத் அரசாங்கத்தின் ஆட்கள் வந்தார்கள். மணிக்கோபுரத்தில் கயிறு கட்டி, ஊர் ஆண்களை இழுக்கச் சொன்னார்கள். மறுத்த இருவரை அங்கிருந்தே கொண்டுபோய்விட்டார்கள். அவருடைய அப்பா முன்வரிசையில் நின்று இழுத்தார். அதே ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்றவர், மணம் முடித்தவர். பிறகு சாகும்வரை அவர் சிலுவை அடையாளம் போடவேயில்லையாம். "இந்தக் கை இனி அதற்கு உதவாது" என்று ஒருமுறை மகனிடம் சொன்னாராம்.

சோவியத் ஆட்சி விழுந்தபின், அந்த ஆலயத்தைத் திரும்பக் கட்டுகிறார்கள் என்று மேற்பார்வையாளருக்கு ஊரிலிருந்து கடிதம் வந்தது. அவர் சிரித்து நான் கண்டது அந்த வாரம்தான். கட்டி முடிந்த கோடையில் புறப்பட்டுப் போனார். அப்பாவின் பெயரையும் அவர் செய்ததையும் சொல்லி, மன்னிப்புக்காக ஒரு பூசை வைக்க வேண்டும் என்பதே எண்ணம்.

மூன்று கிழமையில் திரும்பினார். வாசலில் ஆலயத்தின் வரலாற்றைக் கல்லில் பொறித்திருந்தார்களாம்: வெளியூர்க் கயவர்கள் இடித்தார்கள், ஊர்மக்கள் அழுதபடி நின்றார்கள். இளம் பாதிரியார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எங்கள் ஊரவர் யாரும் இழுக்கவில்லை, ஐயா. நீங்கள் அப்போது சின்னப்பிள்ளை, ஞாபகம் பிசகியிருக்கும்" என்றாராம்.

"செய்யாத பாவத்துக்கு மன்னிப்பில்லையே," என்றார் மேற்பார்வையாளர். "என் அப்பாவை இனி யார் மன்னிப்பது?"

அதன்பின் மொன்ட்ரியாலில் வழக்கமாகப் போகும் ஆலயத்துக்கும் அவர் போகவில்லை. அடுத்த ஆண்டு நோயில் விழுந்தார். மருத்துவமனையில் பார்க்கப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "நீயும் கோயிலுக்குப் போகிறவன். நீயாவது அவரை மன்னிப்பாயா?"

அதைச் சொல்ல நான் யார் என்று தோன்றியது. "அந்த உரிமை எனக்கு இல்லை" என்றேன். கையை மெல்ல விட்டுவிட்டார். இரண்டு நாளில் இறந்துபோனார்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். சமைத்துக்கொண்டு நின்றவள் அடுப்பை அணைத்தாள். "ஓம் எண்டு சொல்லியிருக்கலாமேயப்பா. ஒரு சொல்லுத்தானே."

இப்போது அவருடைய வயது எனக்கு. அந்தச் சொல்லை இன்று எத்தனை தரமும் சொல்வேன். கேட்டவர் இல்லை.