ஹில்டாவுக்காக ஏழு வெள்ளி

அசரியா, கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மிஷன் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். அவர் பிறந்த வீட்டில் ஒன்பது பிள்ளைகள், அவர் ஆறாவது. அந்த ஒன்பதில் மூன்று சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்தன. ஒவ்வொரு சாவின்போதும் பெரியவர்கள் கர்த்தருடைய சித்தம் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பெற்றது யாருடைய சித்தம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அசரியா கேட்டார். வாய்விட்டு அல்ல, மனசுக்குள். பல வருஷம் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். பிறக்காத பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை. பிறந்த பிள்ளைக்கோ பசி உண்டு, நோய் உண்டு, கடைசியில் சாவும் உண்டு. உனக்குச் சம்மதமா என்று அதைக் கேட்டுவிட்டுப் பெற வழியில்லை. கேட்க வழியில்லாதபோது சும்மா இருப்பதுதான் நியாயம்.

1963இல் அவருக்குப் பெண் பார்த்தார்கள். பெண் ஹில்டா, எழும்பூரில் ஒரு அலுவலகத்தில் டைப்பிஸ்ட். நிச்சயத்துக்கு முன்னால் அசரியா அவளைத் தாம்பரம் ஸ்டேஷனில் சந்தித்து எல்லாவற்றையும் சொன்னார். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"அப்ப நாம பிறந்ததே தப்புங்கறீங்களா?"

"பிறந்தாச்சு. இனிமே இருக்கறவங்களுக்கு நம்மால கெடுதல் வரக்கூடாது, அவ்வளவுதான்."

ஹில்டாவின் தாய் எட்டாவது பிரசவத்தில் இறந்தவர். "எனக்குச் சம்மதம்" என்றாள்.

கல்யாணம் நடந்தது. மறு வருஷம் அசரியா அறுவை சிகிச்சை செய்துகொண்டார். பிள்ளை பெற்றவர்களுக்குத்தான் செய்வார்கள் என்பதால், படிவத்தில் மூன்று குழந்தைகள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

இதை வெளியே சொல்ல முடியாது. பள்ளிக்கூடம் சபையுடையது. அதனால் இருவரும் பேசாமல் இருந்தார்கள். சபை பேசாமல் இருக்கவில்லை.

சபையின் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. அந்த வாரம் யாருக்குத் திருமண நாளோ, அந்தத் தம்பதியர் ஞாயிறு ஆராதனையில் பீடத்தின் முன்னால் போய் நிற்க வேண்டும். போதகர் தனசிங் இருவர் தலையிலும் கைவைத்து ஜெபிப்பார். முதல் வருஷம் பொதுவான ஆசீர்வாதம். இரண்டாம் வருஷத்திலிருந்து, "இந்தக் குடும்பத்துக்குக் கர்ப்பத்தின் கனியைத் தாரும்" என்றார். முந்நூறு பேர் ஆமென் சொன்னார்கள். கண்ணை மூடிக்கொண்டு நின்ற அசரியாவுக்கு உள்ளூரச் சிரிப்பு வந்தது. நடக்கவே முடியாத ஒன்றை வருஷம் தவறாமல் கேட்கிறார்களே என்று நினைத்தார். பக்கத்தில் நின்றவளுக்குச் சிரிப்பு வந்ததா என்று அவர் பார்க்கவில்லை.

பக்கத்து மனைக்காரர் சம்பந்தம் நேராகவே கேட்பார். வயலைக் கூறு போட்டு விற்றவர், ஐந்து பிள்ளைகளின் தகப்பன்.

"இன்னா வாத்யாரே, இப்டியே கீறியே. நாளிக்கு உனுக்குக் கொள்ளி வைக்க ஆள் வாணாமா?"

"எங்களுக்குக் கொள்ளி ஏதுங்க? குழிதான். வெட்றதுக்குக் கூலியாள் போதும்."

சம்பந்தம் விழுந்து விழுந்து சிரிப்பார். ஆண்களுக்குள் விஷயம் இவ்வளவுதான். பெண்கள் பக்கம் வேறு கதை. ஹில்டாவிடம் ஜெப எண்ணெய் கொடுத்தார்கள். மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்று பன்னிரண்டு பேர் நடுவில் விசாரித்தார்கள். பிள்ளை பெற்றவளைப் பார்க்கப் போனால் குழந்தையை அவள் கையில் தராமல் சேலையால் மூடிக்கொண்டார்கள். அவள் ஒன்றையும் வீட்டில் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

1974 ஏப்ரலில் சபையின் பெண்கள் ஐக்கியம் ஒரு தீர்மானம் போட்டது. ஹில்டாவுக்காக ஏழு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். முன்னின்று நடத்தியவர் யூனிஸ் அக்கா. ஓய்வுபெற்ற ஆசிரியை, விதவை, வயது அறுபது, கடுமையான சர்க்கரை வியாதி. மூன்றாவது வெள்ளி நடுப்பகலில் கோயில் குழாயடியில் மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றி, வெறும் வயிற்றோடு இனி இருந்தால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் எச்சரித்து அனுப்பினார். மீதி நாலு வெள்ளியையும் முடித்துவிட்டுத்தான் மறுவேலை என்று யூனிஸ் அக்கா ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து இறங்கும்போதே சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் ஹில்டா ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்து அசரியாவின் எதிரில் உட்கார்ந்தாள்.

"அடுத்த வெள்ளியும் அந்தம்மா சாப்பிட மாட்டாங்க. சொல்லிடலாம்."

"வேலை போயிடும், ஹில்டா. எப்படியாவது தடுத்துப் பார்ப்போம். வயசாச்சு, வேணாம்னு சொல்லு."

"சொல்லிப் பார்த்தாச்சு. உனக்காக இதுகூடச் செய்ய மாட்டேனாங்கறாங்க." கைப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "பிறக்காத பிள்ளைக்கு வலிக்கக்கூடாதுன்னு அவ்வளவு யோசிச்சீங்க. யூனிஸ் அக்கா பிறந்து அறுபது வருஷமாச்சுங்க."

பிறக்காதவர்களின் பக்கம் நின்று எல்லா வாதங்களையும் அடுக்கத் தெரிந்த மனிதர், பதினோரு வருஷமாக எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டவளைக் கணக்கில் சேர்க்கவில்லை. அது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

சனிக்கிழமை காலை அசரியா யூனிஸ் அக்கா வீட்டுக்குப் போய், அறுவை சிகிச்சை உட்பட எல்லாவற்றையும் சொன்னார். அக்கா அழவில்லை.

"பத்து வருஷமா எங்களைக் கர்த்தர்கிட்ட பைத்தியக்காரிங்க மாதிரி கேக்க வச்சிருக்கியே, தம்பி. பெத்துக்கலைன்னா அது உங்க இஷ்டம். அவளை மலடின்னு நாங்க பேசினோம், நானும்தான் பேசினேன். வாயை மூடிக்கிட்டு பார்த்துக்கிட்டு இருந்தியே. அதுக்குப் பேர் என்ன?"

"தப்புதான், அக்கா."

"என்கிட்ட சொல்லி என்ன புண்ணியம்? நாளைக்கு உங்க கல்யாண நாள் ஜெபம். அங்க சொல்லு."

மறுநாள் இருவரும் பீடத்தின் முன்னால் போய் நின்றார்கள். தனசிங் ஐயா கையைத் தூக்கினார்.

"ஐயா, ஒரு நிமிஷம்" என்றார் அசரியா. சபையின் பக்கம் திரும்பினார். "எங்களுக்குக் குழந்தை வேண்டாம்னு கல்யாணத்துக்கு முன்னாடியே முடிவு பண்ணினேன். ஆப்பரேஷன் பண்ணிக்கிட்டேன். ஹில்டாகிட்ட எந்தக் குறையும் இல்லை. இதுவரைக்கும் சொல்லாம இருந்தது என் தப்பு. எல்லாம் என் முடிவு."

"என் முடிவும்தான்" என்றாள் ஹில்டா, பின்வரிசைக்கும் கேட்கும்படி.

தனசிங் ஐயாவின் கை அந்தரத்தில் நின்றது. பெண்கள் பக்கத்தில் சலசலப்பு எழுந்தது. பிறகு அவர் கையை இறக்கிக்கொண்டு பாட்டு எண்ணைச் சொன்னார். ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, வழக்கமாக ஹில்டாவின் கையைப் பிடித்து உச்சுக்கொட்டுகிற பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தார்கள். ஒருத்தி மட்டும், "திமிரு" என்று காதில் விழும்படி சொன்னாள்.

கேட்டைத் தாண்டியதும் அசரியா சொன்னார்: "பழியை நான் ஏத்துக்கலாம்னு பார்த்தேன். நீ ஏன் நடுவுல வந்த?"

"மலடி, பாவம்னாங்க. இனிமே புருஷன் கெடுத்துட்டான், பாவம்பாங்க. இன்னைக்குத்தான் முதல் தடவையா என் மேல கோபப்பட்டாங்க. அது இருக்கட்டும்."

அசரியாவின் வேலை போகவில்லை. அடுத்த வருஷம் அவருக்கு வரவேண்டிய தலைமையாசிரியர் பதவி இளையவர் ஒருவருக்குப் போயிற்று; காரணத்தை யாரும் எழுதித் தரவில்லை.

அதற்கெல்லாம் முன்னால், உபவாசத்துக்குக் குறித்திருந்த அந்த நாலாவது வெள்ளிக்கிழமை காலை யூனிஸ் அக்கா மூன்று இட்லி சாப்பிட்டார். இந்தச் செய்தியை ஹில்டாவிடம் சொன்னவள் அந்த வீட்டில் பாத்திரம் தேய்க்கிற முனியம்மா. யூனிஸ் அக்கா ஹில்டாவோடு பேச இன்னும் ஏழெட்டு மாதம் ஆயிற்று.