மூன்று பேர் பேசிய லத்தீன்

நேற்றுப் பேரனுக்குப் பூச்சிக் குளிசை வாங்க அலுவிகாரையில் ஒரு மருந்துக் கடைக்குப் போனேன். "சப்பித் தின்னச் சொல்லுங்க ஆன்ட்டி, பூச்சியெல்லாம் போயிரும்" என்று கடைப் பிள்ளை வரிசையில் நின்றவர்களுக்கும் சேர்த்தே சொன்னது. குளிசையில் தோடம்பழ வாசம். எனக்கென்னவோ பழைய வயிற்று மருந்தின் பெப்பர்மின்ட் வாசம்தான் அடித்தது.

மாத்தளை டவுனில் ஒரு டொக்டர் ஐயாவிடம் நான் மருந்து கலக்கிக் கொடுத்த காலத்தில், பூச்சி என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். சேலை மடிப்புக் கலையாமல் பிள்ளையோடு வந்திருக்கும் தாய்மார் வெட்கத்தில் செத்தே போவார்கள். அதனால் ஐயா திரைக்குப் பின்னாலிருந்து எனக்கு லத்தீனில் சொல்வார். வெர்மிஸ் என்றால் பூச்சி. டோர்மினா வயிற்று முறுக்கு. டோலோர் என்றால் வலி, எந்த வலியும். எனக்கு வந்த பெருமையைக் கேட்க வேண்டுமா? ஒருநாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த எங்கம்மாவிடம், "ஒங்களுக்கு டோர்மினாம்மா" என்றேன். "பெத்தவளயே ஏசுறியா?" என்று அகப்பையை ஓங்கினார்.

ஐயாவின் மனைவி டொக்டரம்மாவும் பக்கத்திலேயே இருப்பார், பேசாமல் தூள் மருந்து மடித்துக்கொண்டு. அவருக்கு இந்தப் பாஷை தெரியாது என்பது ஐயாவின் நினைப்பு. என் நினைப்பும்தான்.

ஒரு மழைக்காலத்தில் ஐயா மெலியத் தொடங்கினார். ஆட்கள் இல்லாத நேரம் பார்த்து என்னிடம் வந்து, "டோர்மினா, ஒரு டோஸ்" என்பார். யாருக்கு என்று டொக்டரம்மா கேட்டால், "வெளிய ஒரு ஆளுக்கு." அது ஐயாவின் வயிற்றுக்குத்தான் போகிறது என்று தெரிந்தும் எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. பயமாக இருந்தது.

ஒருநாள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மனைவிக்கு முன்னாலேயே என்னைப் பார்த்து, "டோலோர்" என்றார்.

டொக்டரம்மா மடித்த பொட்டலத்தைக் கீழே வைத்தார்.

"எத்தன நாளா டோலோர்?"

கையும் களவுமாகப் பிடிபட்ட பிள்ளைபோல் ஐயா நின்றார். "நீ பயந்துருவன்னுதான்..."

"கல்யாணம் கட்டுன நாள்லேருந்து இந்தப் பாஷையக் கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன். வாங்க, கண்டி ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

ஐயா ஆபரேஷன் செய்துகொண்டு திரும்பி வந்தார். பல வருஷம் இருந்தார். அதற்குப் பிறகு தலைவலி என்றாலும் தமிழில்தான் சொல்வார், அதுவும் தெருவுக்கே கேட்கும்படி. டொக்டரம்மா சிரித்துக்கொண்டே மருந்தெடுக்க எழுந்து போவார்.

இப்போது இருவரும் இல்லை. மருந்து கலக்கிய இடத்தில் போன் கடை. அந்த லத்தீனைப் பேசிய மூன்று பேரில் மிச்சம் நான்தான். முழங்கால் குடையும்போது அடுப்படியில் நின்று, "டோலோர்" என்று சொல்லிப் பார்ப்பேன். மருமகள் நல்லவள், "என்ன மாமி?" என்று எட்டிப் பார்ப்பாள். எத்தன நாளா என்று கேட்கத்தான் ஆளில்லை.