சின்னம்மா தேர்ந்தெடுத்த சிங்கப்பூர் புத்தகம்

வெளிநாடு போவதற்கு ஒரு வழிகாட்டிப் புத்தகம் வேண்டும் என்று சின்னம்மா கேட்டார். பாஸ்போர்ட், அதாவது கடப்பிதழ், எடுத்திருந்தார். அதுவே அவருடைய முதல் கடப்பிதழ்.

என் அம்மாவின் தங்கை அவர். மலேசியாவில், கோல சிலாங்கூரைச் சேர்ந்த புக்கிட் பெலிம்பிங்கில் தனியாக இருந்தார். செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கி வளர்த்த ஒரே மகன் சிங்கப்பூர்ச் சிறையில் இருந்தான். போதைப்பொருள் வழக்கு, தூக்குத் தண்டனை. மேல்முறையீடும் தள்ளுபடியாகியிருந்தது. அதுவரை நான்தான் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். இனித் தானே போக வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

தாமானில், அவர் இருந்த குடியிருப்பில், யாருக்கும் இது தெரியாது. மகன் அங்கே கிரேன் ஓட்டுவதாகச் சொல்லி வைத்திருந்தார். தீபாவளிக்கு அவன் வராதபோதெல்லாம் முதலாளி லீவு தரவில்லை என்பார். கோயிலில் கூட இருந்த பெண்களுக்கு உண்மை தெரிந்துவிடக் கூடாது என்பதுதான், மகனுக்கு அடுத்தபடியாக, அவருடைய ஒரே கவலை.

ஜெராம் வழியாகக் கிள்ளானுக்குக் காரோட்டிப் போனோம். ஒரு பேரங்காடியின் மேல்மாடியில் இருந்த புத்தகக் கடையில் சிங்கப்பூருக்கு இரண்டே வழிகாட்டிகள் இருந்தன. ஒன்று ஆங்கிலம், தடிமனானது, வட்டார வரைபடங்களும் பேருந்துத் தடங்களும் கொண்டது. மற்றது மலாய், பெரியது, வழவழப்பானது, பக்கத்துக்குப் பக்கம் வண்ணப் படம். அட்டையில் ஆற்றின்மேல் வாணவேடிக்கை.

ஆங்கிலப் புத்தகத்தை நான் சிபாரிசு செய்தேன். சின்னம்மா அருகில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு கேட்டார்.

“இதுல ஜெயிலு போட்ருக்கா?”

பொருளடைவில் தேடினேன். இல்லை. வரைபடத்தில் சிறை இருக்கும் வட்டாரம் இளம்பச்சையாக, எழுத்தில்லாமல் இருந்தது. அருகில் விமான நிலையத்துக்குச் சின்னதாக ஒரு விமானம் வரைந்திருந்தார்கள். சின்னம்மா அதன்மேல் விரலை வைத்தார்.

“ப்ளேன் சத்தம் கேக்குதுன்னு எழுதியிருந்தான்லா. அப்போ இங்கதான்.”

“ஆமா சின்னம்மா. இந்தப் புத்தகத்தயே எடுத்துக்குவோம்.”

“வழி தெரிய ஒனக்கு எதுக்குப் பொஸ்தகம்? நீ எத்தன தடவ போயிருக்க.” மலாய்ப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டார். “எனக்குப் படம் உள்ளதுதான் வேணும். திரும்பி வந்து என்னத்தச் சொல்லுவேன்?”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அது போவதற்கான புத்தகம் அல்ல. வந்த பிறகு பேசுவதற்கானது.

எங்கள் பக்கத்தில் ஒருவர் முதல் தடவை வெளிநாடு போகிறார் என்றால் தெருவே சேர்ந்து அனுப்பி வைக்கும். தைலம் கேட்பார்கள், சாவிக்கொத்து கேட்பார்கள். எதிர்வீட்டு அம்மா எல்லாருக்கும் முன்னால் வந்துவிட்டார். தொழிற்சாலைச் சிற்றுண்டிக்கடையில் வேலை செய்பவர், வாய் ஓயாதவர்.

“மவன் காசுல ஜாலியா சுத்தப் போறீங்க. எனக்கு ஒண்ணும் வேணாங்க்கா. மவனோட நின்னு போட்டோ மட்டும் எடுத்துட்டு வாங்க. அவன் குண்டாயிட்டானான்னு பாக்கணும்.”

சின்னம்மா சிரித்தார். சிரிப்பு முடிந்த பிறகும் வாய் அப்படியே இருந்தது.

பேருந்தில் விடிய விடியப் புத்தகத்தைப் புரட்டினார். சிறையில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நானும் அவரும், அந்தப் பக்கம் அவன். தொலைபேசிக் குழாயை எங்கள் இருவர் காதுக்கும் நடுவே பிடித்துக்கொண்டேன். சின்னம்மா அழவில்லை. எதிர்வீட்டு அம்மா கேட்டதைச் சொன்னார். என்ன சொல்லிச் சமாளிக்கலாம் என்று மகனிடமே யோசனை கேட்டார். புத்தகத்தில் பார்த்த ராட்டினத்தில் ஏறியதாகச் சொல்லட்டுமா என்றார்.

அவன் சிரித்துவிட்டான். “ராட்டினம்னு சொல்லாதம்மா, மாட்டிக்குவ. நீ திருவிழா ராட்டினத்துல ஏறுனதுக்கே வாந்தி எடுத்தவ, தாமானுக்கே தெரியும். படகுன்னு சொல்லு.”

“படகுல என்ன பாத்தேன்னு கேட்டா?”

“பில்டிங்கு. லைட்டு. வேற என்ன இருக்கு இங்க.”

ஊர் திரும்பியதும் சின்னம்மா படகைப் பற்றித்தான் பேசினார். புத்தகத்தைக் கூடத்து மேசையில் வைத்து, பக்கம் பிரித்துக் காட்டினார். போட்டோ எங்கே என்று எதிர்வீட்டு அம்மா கேட்டபோது, கைப்பேசி தண்ணீரில் விழுந்துவிட்டது என்றார். அந்த அம்மா அதற்கும் ஒரு கேலி செய்தார்.

அடுத்த மழைக்காலத்தில் நாள் குறித்துவிட்டதாகத் தகவல் வந்தது. கடைசியாகப் படம் எடுக்க அனுமதி உண்டு, நல்ல உடுப்பு கொண்டுவரலாம் என்றார்கள். ஜெராமில் ஒரு நீலச் சட்டை வாங்கினோம். சின்னம்மா காலர் அளவைத் தன் கையால் அளந்து சொன்னார். கடைசியாக அவன் கழுத்தைத் தொட்டது எப்போது என்று நான் கேட்கவில்லை. இந்தத் தடவை தெருவில் யாரிடமும் சொல்லாமல் போனோம்.

உடலோடு திரும்பினோம். அதற்குள் செய்தி வெளியாகியிருந்தது. பெயர் போடவில்லை, வயதும், கோல சிலாங்கூர் என்பதும் இருந்தன. எவ்வளவு போட்டால் ஊர் கண்டுபிடிக்கும் என்பது எனக்குத் தெரியும். பத்திரிகைத் தொழிலில்தான் நான் இருந்தேன். அந்த இரண்டே போதும்.

சிறையில் எடுத்த படங்களில் ஒன்றைச் சட்டமிட்டு மாலை போட்டிருந்தோம். நீலச் சட்டை, பின்னால் வெறுஞ்சுவர், கொஞ்சம் சிரித்த முகம். எதிர்வீட்டு அம்மா வந்து அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். போட்டோ கேட்டவர் அவர்தான். எந்த இடத்தில் எடுத்தது என்று கேட்கவில்லை.

“எளைச்சிட்டான்க்கா,” என்றார்.

“ம்,” என்றார் சின்னம்மா.

ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். உட்கார இடம் பண்ண அந்த அம்மா மேசையை ஓரமாக இழுத்தார். அதன்மேல் வாணவேடிக்கை அட்டையோடு புத்தகம் அப்படியே கிடந்தது. யாரையும் பார்க்காமல் அதை எடுத்து, முந்தானையால் மூடி, உள்ளே கொண்டுபோனார். அலமாரிக் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. பிறகு வந்தவர்களுக்குத் தேநீர் கலக்கப் போய்விட்டார்.