கிளைமாக்ஸுக்கு முன்னால் எழுந்து போகிறவர்கள்

எங்கள் வீட்டில் ஒரு படத்தை முழுதாகப் பார்த்தவர் என்று யாருமே கிடையாது. நைனா முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் எழுந்து வெளியே போய்விடுவார். அம்மா படத்தைப் பார்ப்பதில்லை. படத்தில் வருகிறவர்கள் ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று மட்டும் பார்ப்பாள். நான் நடுவில் தூங்கிவிடுவேன்.

என் தூக்கத்துக்குக் காரணம் உண்டு. சத்தியவேடு பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் வேலை. ராத்திரி ஷிஃப்ட் முடிந்து மற்றப் பெண்களோடு கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, குளித்து, சாப்பிட்டு, மத்தியானம் டிவி முன்னால் உட்கார்ந்தால் கண் தானாகச் செருகும். எது படம், எது கனவு என்று பிரித்துச் சொல்வது அப்புறம் கஷ்டம். போன மாதம் பார்த்த படத்தில் ஒரு பெண் ரயிலை விட்டு இறங்கி, எங்கள் வேர்க்கடலைக் கொல்லை வழியாகப் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நடந்து போனாள். அப்படி ஒரு காட்சியே வரவில்லை என்று அம்மா சத்தியம் செய்கிறாள். எனக்கு அந்தப் படத்தில் பிடித்ததே அந்த ஒரு காட்சிதான். யார் எடுத்திருந்தால் என்ன.

போன் ரீசார்ஜோடு படம் பார்க்கிற ஆப்களும் சேர்ந்து வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் எல்லோருக்கும் எல்லாப் படத்தைப் பற்றியும் ஒரு அபிப்பிராயம் உண்டு. படம் முழுக்க மழை பெய்கிற ஒரு மலையாளப் படத்தைப் பார்த்துவிட்டு நைனா சொன்னார்: "நல்லாத்தான் எடுத்துக்கிறான். ஆனா இவ்ளோ தண்ணிய வீணா வுட்டுட்டானே. நம்ம ஏரியில பேஞ்சிருந்தா ரெண்டு போகம் வெச்சிருக்கலாம்." எட்டு எபிசோடு ஓடிய ஒரு துப்பறியும் தொடரைப் பற்றி, "ரெண்டு நாளுல முடிக்க வேண்டிய கேச இழுத்துக்கினு கீறான். அந்தப் போலீஸ்காரன் ஒரு தடவகூட பல்லு வெளக்கல, பாத்தியா?" என்றார். அம்மாவுக்குக் கோபம் வேறு இடத்தில். "தட்டுல சோத்தப் போட்டு ஒரு வாய் துன்னல. அதுக்குள்ள போன் வந்துச்சின்னு கைய கழுவிக்கினு போறான். எல்லாப் படத்துலயும் இதே வேல."

பேய்ப் படம் போட்டால் அவள் பயப்படுவதில்லை. அவ்வளவு பெரிய வீட்டை யார் பெருக்குகிறார்கள் என்று கேட்பாள். அந்தக் கேள்விக்கு எந்த டைரக்டரும் இதுவரை பதில் சொன்னதில்லை.

நைனா முடிவைப் பார்க்காததற்குக் காரணம் பஸ். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது, தியேட்டரில் முதல் ஆட்டம் முடிவதற்கும் எங்கள் ஊர்ப் பக்கம் வரும் கடைசி பஸ் கிளம்புவதற்கும் ஒத்துப்போனதே இல்லை. சண்டை தொடங்குகிற நேரத்தில், அல்லது கதாநாயகி அழத் தொடங்குகிற நேரத்தில், இந்தப் பக்கத்து ஜனங்கள் மட்டும் செருப்பைத் தேடிக்கொண்டு எழுந்திருப்பார்கள். பின்வரிசைக்காரர்கள் தலையை மறைக்காதே என்று திட்டுவார்கள். நைனா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு, அக்காவைக் கையில் பிடித்துக்கொண்டு கிளம்புவார். மெயின் ரோட்டில் இறங்கி ஊருக்கு நடக்கிற வழியில் அவர்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு முடிவு சொல்லிக்கொண்டு வருவார்கள். நைனாவின் முடிவில் எல்லோரும் வீட்டுக்கு வந்து சேர்வார்கள். அக்காவின் முடிவில் யாராவது ஒருவர் கண்டிப்பாக எங்காவது போய்விடுவார். நான் அரைத்தூக்கத்தில் இரண்டையும் கேட்டுக்கொண்டு, இரண்டையும் நம்பிக்கொண்டு வருவேன்.

இப்போது டிவி வீட்டுக்குள் இருக்கிறது. பிடிக்க வேண்டிய பஸ் எதுவும் இல்லை. ஆனாலும் கடைசிக் கட்டம் நெருங்கினால் நைனாவின் கால் தரையில் செருப்பைத் தேடத் தொடங்கிவிடும். மாட்டைப் பார்க்கிறேன், மோட்டாரைப் பார்க்கிறேன் என்று எழுந்து போவார். முடிவு என்னவென்று அக்காதான் முன்பெல்லாம் சொல்வாள்.

அந்த அக்கா இப்போது திருச்சானூரில் இருக்கிறாள். அங்கே ஒரு லாட்ஜில் வேலை பார்க்கிற தெலுங்குக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டாள். கல்யாணத்துக்குப் பிறகுதான் வீட்டில் சொன்னாள். நைனா கத்தவில்லை, அடிக்கவில்லை. "என்ன ஒரு வார்த்த கேக்கல" என்றார். அதோடு பேச்சு நின்றுபோயிற்று. அவளும் அதே ரத்தம்தானே, அவளும் பேசவில்லை. அம்மா மட்டும் அடுப்படியில் நின்று அக்காவோடு போனில் பேசுவாள். அந்த நேரம் பார்த்து நைனா டிவி சத்தத்தைக் குறைத்துவிடுவார். ஏன் குறைக்கிறார் என்று யாரும் கேட்டதில்லை.

எனக்கு வேண்டியிருந்ததெல்லாம் ஒன்றுதான். இவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ள வேண்டும். அது நடக்காமல் எனக்கு வீட்டில் சோறு இறங்கவில்லை, அக்கா வீட்டிலும் இறங்கவில்லை.

லீவு நாட்களில் நான் திருச்சானூர் போவேன். சத்தியவேட்டில் பஸ் ஏறி ஜன்னலோரம் சாய்ந்தால், நாகலாபுரத்து மலைகள் வரும்போது பாதி தூக்கம், புத்தூர் தாண்டினால் முழுத் தூக்கம். திருப்பதியில் கண்டக்டர் தட்டி எழுப்புவார். அங்கிருந்து ஷேர் ஆட்டோ. கல்யாண கோஷ்டிகளையும் மஞ்சள் குங்குமக் கடைகளையும் தாண்டி, லாட்ஜுக்குப் பின்னால் மாடிப் போர்ஷனில் அக்கா. உள்ளே போனதும் அவள் கேட்கிற முதல் கேள்வி, "இன்னா படம் பாத்தீங்க?"

நைனா என்ன சொன்னார் என்று அவள் கேட்கமாட்டாள். நானே சொல்வேன். அந்த டாக்டர்தான் கொலைகாரன் என்று நைனா சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார் என்பேன். அக்கா சிரிப்பாள். "இல்லன்னு போய் சொல்லு. டாக்டர் இல்ல, அவன் சித்தி." நான் ஊருக்குத் திரும்பிச் சொல்வேன். நைனா அவளைப் பெயர் சொல்லிக் கேட்கமாட்டார். "அங்க இன்னா சொல்றாங்க?" என்பார், ஏதோ கலெக்டர் ஆபீஸைப் பற்றிக் கேட்கிற மாதிரி.

"சித்தியாம், நைனா."

"தெலுங்குல அப்டி இருக்கும். தமிழ்ல டாக்டர்தான்."

இது வெறும் பிடிவாதம் இல்லை. இந்த ஆந்திர எல்லைப் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு மட்டும் தெரிந்த விஷயம் அது. ஒரே படம் ஒரு ஊரில் தமிழில் ஓடும், பக்கத்து ஊரில் தெலுங்கில் ஓடும். ஒன்றில் நாயகன் சாவான், இன்னொன்றில் பிழைத்துக்கொள்வான். அப்படி இரண்டொரு படம் உண்மையிலேயே வந்ததாம். அதை வைத்துக்கொண்டு, எந்தப் படத்துக்கும் பாஷைக்கு ஒரு முடிவு உண்டு என்று எங்கள் ஊர் முழுக்க நம்புகிறது. கடைசிக் கட்டத்தைப் பார்த்தவர்கள் குறைவு என்பதால் மறுத்துச் சொல்லவும் ஆளில்லை. அக்கா கல்யாணமானதிலிருந்து மாமாவோடு தெலுங்கில்தான் பார்க்கிறாள். அதனால் அவள் சொல்கிற எந்த முடிவையும் நைனா பொய் என்று சொன்னதில்லை. அது அந்தப் பக்கத்து முடிவு, அவ்வளவுதான்.

இப்படியே மாதங்கள் போயின. இரண்டு பேருடைய அபிப்பிராயங்களையும் சுமந்துகொண்டு நான் பஸ்ஸில் தூங்கிப் போய்த் தூங்கி வந்தேன். நடுவில் என் கனவும் கொஞ்சம் கலந்திருக்கும். அதற்கு நான் பொறுப்பில்லை.

பிறகு அந்த லாரிக்காரன் படம் வந்தது. பெரிய நடிகர் யாரும் இல்லை. வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு போன ஒருவன் லாரி ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகத் திரிகிறான். ரோடு, டீக்கடை, ரோடு, மறுபடியும் டீக்கடை. எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் எப்போது கண் விழித்தாலும் லாரி போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் அவன் தன் வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். கதவு மூடியிருக்கிறது. அங்கே நைனா எழுந்துவிட்டார்.

"மீதி பாக்கலியா?" என்றேன்.

"இன்னா பாக்கறது. கதவ தொறப்பாங்க. வேற இன்னா." மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார். நானும் அங்கேயே தூங்கிப்போனேன்.

அடுத்த லீவில் திருச்சானூரில் அக்காவும் நானும் அதே படத்தைப் போட்டோம். மாமா டியூட்டியில் இருந்தார். ஜன்னலில் மத்தியான வெயில், கீழே யாரோ பந்தல்காரர்கள் மூங்கில் இறக்குகிற சத்தம். நான் பாதிக் கண்ணோடு படுத்திருந்தேன். லாரிக்காரன் வாசலுக்கு வந்தான். அக்கா சட்டென்று டிவியை நிறுத்திவிட்டு, "சோறு கொழஞ்சிடும்" என்று எழுந்து போனாள்.

அடுப்பில் குக்கர் இருந்தது. குக்கரில் சோறு எப்போதோ ஆகியிருந்தது. நான் முழுதாக விழித்துக்கொண்டேன்.

"அக்கா, நீயும் எழுந்து போயிடுவியா?"

அவள் கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். "பழக்கம்டீ. உக்கார முடியல."

"அப்ப இத்தன நாளா நீ சொல்லி வுட்ட முடிவெல்லாம்?"

கழுவின கரண்டியையே மறுபடியும் கழுவினாள். இத்தனை மாதமாக நான் பஸ்ஸில் சுமந்துபோன சித்திகளும் துரோகிகளும் எல்லாம் இவளுடைய சொந்தச் சரக்கு. எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை.

"அங்க இன்னா சொன்னாரு?" முதல் தடவையாக அவளாகக் கேட்டாள்.

"கதவ தொறப்பாங்கன்னு."

"தொறக்கலன்னு சொல்லு. கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டு லாரிய எடுத்துக்கினு போயிடறான்." திரும்பி நின்றுகொண்டாள். அவள் அழுகிறாள் என்று முதுகைப் பார்த்தே தெரிந்தது. நான் எழுந்துபோய்ப் பக்கத்தில் நின்றேன். இரண்டு பேரும் சோறு போட்டுக்கொண்டு, அம்மா பார்த்தால் மெச்சுகிற மாதிரி மிச்சம் வைக்காமல் சாப்பிட்டோம்.

ஊருக்கு வந்து, நைனா கேட்டதும் அவள் சொன்னதைச் சொன்னேன். அவர் வழக்கம்போல் தெலுங்கில் அப்படி இருக்கும் என்று சொல்ல வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டேன். "அவ முடிவப் பாக்கல, நைனா. உன்ன மாதிரியே எழுந்து போயிட்டா. தொறக்க மாட்டாங்கன்னு அவளாத்தான் சொல்றா."

நைனா எழுந்து மாட்டுக் கொட்டகைக்குப் போனார். அன்று மாட்டுக்கு இரண்டு தடவை தண்ணி காட்டினார். அது குடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவரே வந்து, "அந்த லாரிக்காரன் படத்தப் போடு" என்றார். முதலிலிருந்து பார்த்தோம். நான் தூங்கவில்லை. இந்த ஒரு தடவை தூங்கினால் அப்புறம் என்னை நானே மன்னித்துக்கொள்ள முடியாது என்று தோன்றியது. லாரிக்காரன் வாசலில் வந்து நின்றதும் நைனாவின் கால் தரையில் செருப்பைத் தேடியது. செருப்பு அகப்பட்டது. ஆனால் அவர் எழுந்திருக்கவில்லை.

கதவுக்கு அந்தப் பக்கம் விளக்கு எரிந்தது. யாரோ நடமாடுகிற நிழல் தெரிந்தது. லாரிக்காரன் கையை ஓங்கினான், தட்டவில்லை. திரை இருண்டது. பெயர்கள் ஓடத் தொடங்கின.

நைனா பெயர்கள் எல்லாம் ஓடி முடிகிறவரை பார்த்தார். "அவ்ளோதானா?"

"அவ்ளோதான், நைனா."

"இதப் பாக்கவா எல்லாரும் உக்காந்துக்கினு கீறாங்க?"

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "வெளக்கு எரியுதுல்ல. சோறு வெச்சிக்கினு காத்துக்கினு இருப்பாங்க" என்றாள், தலை நிமிராமல்.

நைனா அம்மாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் கையை நீட்டினார். "போனு போடு அவளுக்கு."

போட்டு, ஸ்பீக்கரில் வைத்துக் கொடுத்தேன். அக்கா எடுத்து, நான் என்று நினைத்து, "இன்னாடீ" என்றாள். நைனா நல்லா இருக்கியா என்று கேட்கவில்லை, யார் பேசுவது என்றும் சொல்லவில்லை.

"கதவ தொறந்துட்டாங்கம்மா" என்றார். "நான் பாத்தேன். கடைசி வரைக்கும் உக்காந்து பாத்தேன்."

நான் வாயைத் திறக்கவில்லை. அம்மாவும் வெங்காயத்தை விட்டுவிட்டு அப்படியே இருந்தாள். அந்தப் பக்கம் ஆட்டோ சத்தமும் நாதஸ்வரமும் மட்டும் வந்துகொண்டிருந்தன. அப்புறம் அக்காவின் குரல், மூக்கடைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளைக் குரலாக வந்தது.

"நீ தமிழ்ல பாத்த, நைனா."

"தெலுங்குலயும் தொறப்பாங்க" என்றார் நைனா. "அவரையும் கூப்ட்டுக்கினு வா."