தண்ணீர் குடிக்கும் ஜல்லி

முதுநகரில் இன்று காலை வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த ஒரு முடிவு எடுக்கப்பட்டது: கான்கிரீட்டில் ஒரு குடம் தண்ணீர் கூடுதலாக ஊற்றுவதில்லை.

எங்கள் பழைய வீட்டை இடித்து, அந்தக் கான்கிரீட்டையே ஜல்லியாக உடைத்துப் புதுத் தளத்துக்குப் பயன்படுத்துகிறோம். யோசனை என்னுடையது. பழைய ஜல்லியோ கலவையின் தண்ணீரைக் குடித்துவிடுகிறது.

"சார், கலவை டைட்டா இருக்கு. இன்னொரு குடம் ஊத்தினா சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடலாம்," என்றார் மேஸ்திரி.

"ஊத்தினா பலம் போயிடும். ஜல்லியை நல்லா நனைச்சு வைங்க. நாளைக்குப் போடுவோம்."

வீட்டை இடித்த நாளிலிருந்து மனைவி சிதம்பரத்தில், அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். தளம் போட்டதும் இன்றே அங்கே வருவதாகச் சொல்லியிருந்தேன். போன் செய்து விளக்கினேன்.

"நாம உக்காந்து பேசின பழைய மொட்டை மாடியும் அந்த ஜல்லியிலதான் இருக்கா?"

"இருக்கு."



"அப்ப நல்லா நனையட்டும். கல்லு தண்ணி கேட்டா மட்டும் உங்களுக்குக் காது நல்லா கேக்குது."

உடைத்த கான்கிரீட்டில் வீடு கட்டியவர்கள் சொல்லுங்கள்: ஜல்லியை எவ்வளவு நேரம் நனைத்தீர்கள், வீட்டில் என்ன சொல்லிச் சமாளித்தீர்கள்?

சிதம்பரம் பஸ் போய்விட்டது. ஜல்லி நனைந்துகொண்டிருக்கிறது.